யார் எழுதிய கணக்கு?

தமிழில் நாணயம் என்றால் காசு. நேர்மை என்றும் அதே சொல்லுக்குப் பொருள் உண்டு. காசு வைத்திருப்பவனிடம்தான் நேர்மையும் இருக்கும் என்று மொழியே தீர்ப்புச் சொல்லிவிட்டதோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். எங்க தெருவில் யார் மடியிலும் நாணயம் கிடையாது. ஆகவே நாக்கிலும் நாணயம் இருக்காது என்று ஊர்த்தெரு முடிவு கட்டியிருந்தது. ஒரு மனுசனை நம்பலாமா கூடாதா என்பதை யார் தீர்மானிப்பது? எதை வைத்துத் தீர்மானிப்பது? கீழத்தஞ்சையில் பிறந்தபோதே என்னோடு பிறந்த இந்தக் கேள்வி, அமெரிக்காவுக்குப் போன பிறகும் என்னை விடவில்லை.

2006இல் வேலைக்காக நியூ ஜெர்சி போனேன். சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் கடன் அட்டைக்கு மனுப் போட்டால் இல்லை என்று கடிதம் வருகிறது. போன் இணைப்புக்கு முன்பணம், கரண்டுக்கு முன்பணம், வீட்டுக்கு ஜாமீன் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: எனக்குக் கடன் வரலாறு கிடையாது. யாருக்கும் பைசா பாக்கி வைக்காதவன் நான். அங்கே அதுதான் குறை. கடனே வாங்காதவனை அந்த நாடு நம்பாது. வாங்கித் திருப்பிக் கட்டினவனைத்தான் நம்பும். படிக்க வாங்கின கடனை ஊர் வங்கியில் கடைசி ரூபாய் வரை கட்டி முடித்திருந்தேன். அந்த ரசீதுக்கு அங்கே மதிப்பில்லை. இப்போது சில நிறுவனங்கள் இந்தியக் கடன் பதிவையும் வாங்கிப் பார்க்கின்றன. அன்றைக்கு விமானத்தை விட்டு இறங்கினால் வெறும் ஆள்தான்.

அந்த ஏற்பாடு இப்படி: ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்கள் ஒவ்வொருத்தர் கடனையும் பதிந்து வைக்கின்றன. அந்தப் பதிவைக் கொண்டு 300இலிருந்து 850க்குள் ஒரு எண் போடுகிறார்கள். ஃபைக்கோ என்பது அதில் பெயர் பெற்றது. தவணை தவறாமல் கட்டியதற்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் நிலுவையில் இருக்கிறது என்பதற்கு 30, எத்தனை காலமாகக் கணக்கு ஓடுகிறது என்பதற்கு 15, மிச்சம் மற்றதுக்கு. ஒரு கணக்காவது ஆறு மாதம் ஓடினால்தான் எண்ணே பிறக்கும். நான் ஐந்நூறு டாலரை வங்கியில் ஈடாகக் கட்டி, அதே ஐந்நூறு டாலருக்கு ஒரு அட்டை வாங்கினேன். என் பணத்தையே எனக்குக் கடனாகத் தந்து, என் யோக்கியதையைச் சோதித்தார்கள்.

கேட்கிறவர்களுக்கு இது அவமானமாகத் தெரியலாம். எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். அந்த மனுத்தாளில் அப்பன் பேர் கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை. கடன் தரும்போது பாகுபாடு காட்டக்கூடாது என்று 1974இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. முதலில் ஆண் பெண் பேதத்துக்கும் மண நிலைக்கும் மட்டும்தான். 1976இல் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு, வயது எல்லாம் சேர்க்கப்பட்டன. சாதி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் எண் போடும் இயந்திரத்துக்குச் சாதி தெரியாது.

மனுசனுக்குத் தெரியும். வீட்டு ஜாமீனுக்காக நம்மூர்க்காரர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். பத்துப் பதினைந்து வருஷமாக அங்கே இருப்பவர். "தம்பி, நம்ம தஞ்சாவூர் ஜில்லாவா! கையெழுத்துதானே, போட்டுட்டாப் போச்சு" என்றார். காப்பி வந்தது. "ஊருக்குள்ள எந்தத் தெரு தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். காப்பி ஆறுவதற்குள் பேச்சு ஆறிவிட்டது. "வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அப்புறம் போனே இல்லை.

ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னை நம்ப மறுத்தார்கள். ஒன்று வங்கி, மற்றது நம்மவர். இரண்டும் ஒன்றா? இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. வங்கி காரணத்தை எழுத்தில் தந்தது. தந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். என்னைப் பற்றி எழுதி வைத்திருப்பதைக் காட்டு என்று கேட்கும் உரிமையை 1970இல் வந்த இன்னொரு சட்டம் தருகிறது. தப்பாக இருந்தால் ஆட்சேபிக்கலாம், விசாரித்துத் திருத்த வேண்டும். தவணை தவறிய குற்றம் ஏழு வருஷத்துக்கு மேல் ஏட்டில் நிற்கக்கூடாது. திவாலானவனுக்குக்கூடப் பத்து வருஷத்தில் விமோசனம். நம்மவர் கையில் இருந்த ஏட்டை யார் காட்டுவார்? அதில் நான் செய்த காரியம் ஒன்றுகூட இல்லை, பிறந்தது மட்டும்தான் இருக்கிறது. யாரிடம் போய் ஆட்சேபிப்பது? ஏழு தலைமுறை போனாலும் அந்தப் பதிவு அழிவதில்லையே.

எங்க தாத்தாவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. பண்ணையாள் கணக்கு. கல்யாணத்துக்கு ஆண்டையிடம் வாங்கின பணம், ஆடி மாசம் வாங்கின மூணு மரக்கால் நெல், சாவுக்கு வாங்கினது. எழுதுவது காரியக்காரர். கைநாட்டு வைப்பது தாத்தா. எவ்வளவு உழைத்தும் அந்தக் கணக்கு தீரவில்லை. தீராமல் இருப்பதற்காகவே எழுதிய கணக்கு அது. அப்பன் வாங்கின கடனுக்குப் பிள்ளை மாடு மேய்த்தான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. அந்த ஆண்டைகள் எங்களை நாணயமில்லாதவர்கள் என்றார்கள். வாங்கின கடனுக்கு ஆயுசையே கட்டினவனைவிட நாணயக்காரன் உலகத்தில் எவன்?

இதனால் அமெரிக்கக் கணக்கு தர்மக் கணக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் ஒரு சேரி உண்டு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர்கள் காசு சேர்க்க 1865இல் ஒரு வங்கி தொடங்கினார்கள். நடத்தியவர்களின் மோசடியாலும் கவனக்குறைவாலும் 1874இல் அது மூழ்கியது. வியர்வைக் காசு போனது. 1930களில் அரசாங்கமே நகர வரைபடங்களில் கறுப்பர் குடியிருப்புகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, ஆபத்தான இடம் என்று குறித்தது. அந்தப் பகுதி வீட்டுக்கடனுக்கு அரசு உத்தரவாதம் மறுக்கப்பட்டது. 1968இல் சட்டம் அதைத் தடை செய்தபோது ஒரு தலைமுறைக்குச் சொந்த வீடு இல்லாமல் போயிருந்தது. இன்றைய எண்ணுக்கு நிறம் தெரியாதுதான். ஆனால் வசதியான வெள்ளைக்காரன் தன் அட்டையில் பிள்ளையின் பேரையும் சேர்த்துவிடுகிறான். பிள்ளை வேலைக்குப் போகுமுன்னே அதற்கு நல்ல வரலாறு வந்துவிடுகிறது. வீடே கிடைக்காதவனின் பேரப்பிள்ளை என்னைப் போல வெறும் ஏட்டோடு வந்து நிற்கிறான், அதுவும் பிறந்த நாட்டிலேயே. பிறப்பைக் கேட்காத எண்ணுக்குள்ளும் பிறப்பு ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று. மாதம் தவறாமல் நான் கட்டின வாடகை அந்த ஏட்டில் ஏறவில்லை. தங்கச்சி படிப்புக்கு ஊருக்கு அனுப்பின பணம் ஏறவில்லை. கடன்காரன் எதை எழுதுகிறானோ அதுதான் கணக்கு. எங்க ஆயா பக்கத்து வீட்டுக்கு அரிசி கைமாத்துக் கொடுக்கும். உழக்கால் அளந்து கொடுக்கும், திரும்ப வரும்போது அளக்காமல் வாங்கிக்கொள்ளும். "இன்னைக்கி அவ, நாளைக்கி நான்" என்று சொல்லும். நம்பிக்கைக்கு அங்கே ஈடு கேட்கவில்லை. அடுத்தவள் பசி தனக்கும் வரும் என்பதே ஈடு. ஆனால் இதையும் நான் தலையில் தூக்கிவைத்து ஆடமாட்டேன். அந்த நம்பிக்கை தெருமுனையோடு நின்றுபோனது. முகம் தெரியாதவனை நம்புவதற்கு ஏதோ ஒரு ஏடு வேண்டித்தான் இருக்கிறது.

அப்படியானால் எந்த ஏடு? ஒரு மனுசனை எடைபோடும் கணக்கு அவன் செய்ததை மட்டும் எழுத வேண்டும். அவன் கண்ணில் காட்ட வேண்டும். மறுத்துப் பேச இடம் தர வேண்டும். என்றைக்காவது ஒருநாள் தீர வேண்டும். அமெரிக்க எண் இதில் பாதி தேறும். சாதி ஒன்றிலும் தேறாது. ஆனால் நாலும் இருந்தாலும் போதாது என்பது என் கட்சி. கணக்கு எழுதும் கை யாருடையது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. வாடகையை, கைமாத்தை, ஆயுசு முழுக்கச் செய்த உழைப்பை எழுதத் தெரிந்த கை அந்த மேசையில் உட்காராதவரை, கட்டித் தீர்த்தவன் கடன்காரனாகவும் வாங்கித் தின்றவன் நாணயஸ்தனாகவும்தான் ஏட்டில் இருப்பார்கள். எங்களுக்கு வரலாறு இல்லை என்று சொல்லாதீர்கள். இருக்கிறது. இதுவரை அதை எழுதியவர்கள் எங்களுக்குக் கடன்பட்டவர்கள்.