மூக்கா, நாக்கா?

உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் தோலில் அடிக்கடி கட்டிகள் முளைக்கின்றன. மூக்கில், நெற்றியில், கண்ணிமை ஓரத்தில். உயிருக்கு உடனடி ஆபத்தில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு டாக்டர் வந்து, 'தினம் ஒரு மாத்திரை, அத்தனையும் சுருங்கிவிடும்' என்கிறார். ஒரே ஒரு சங்கடம்தான். மாத்திரை போடும் வரை சாப்பாட்டில் ருசி தெரியாது. போட்டுக்கொள்வீர்களா?

'இதென்ன கேள்வி, கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்' என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவில் நிஜமாகவே இதைச் சிலரிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

வியாதியின் பெயர் பேசல் செல் கார்சினோமா. மேல்தோலின் அடிவரிசைச் செல்களில் தொடங்கும் புற்றுநோய். மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களிலேயே மிகச் சகஜமானது இதுதான். முக்கியக் காரணம் வெயிலின் புறஊதாக் கதிர். அதனால் வெள்ளைக்காரர்களுக்கு அதிகம். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மெலனின் குடை பிடிக்கிறது. உடம்புக்குள் பரவி ஆளைக் கொல்வது மிக அபூர்வம். ஆனால் கவனிக்காமல் விட்டால் இருந்த இடத்திலேயே அரித்துக்கொண்டு போகும். 1827-ல் டப்ளின் டாக்டர் ஆர்தர் ஜேக்கப் இதை விவரித்தார். எலி கொறித்த மாதிரி இருக்கிறதென்று பின்னால் 'எலிப்புண்' என்றே பெயர் வைத்தார்கள்.

பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வரும், வெட்டினால் தீர்ந்தது. 'கார்லின் சிண்ட்ரோம்' என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கோ ஆயுள் முழுக்க நூற்றுக்கணக்கில் வரலாம். காரணம் 1996-ல் தெரிந்தது. செல்லுக்கு 'வளர், வளர்' என்று உத்தரவு போடும் ஒரு சமிக்ஞை இருக்கிறது. பெயர் 'ஹெட்ஜ்ஹாக்', அதாவது முள்ளெலி. அதற்கு பிரேக் போடும் ஜீன் இவர்களிடம் பழுதாகியிருக்கிறது.

முள்ளெலிக்கு இங்கே என்ன வேலை? பழ ஈக்களில் அந்த ஜீனைக் கெடுத்தால் புழு உடம்பெல்லாம் முள்ளாகப் பிறக்கிறது. 1980-ல் நுஸ்லைன் ஃபோல்ஹார்டும் வீஷாஸும் கண்டுபிடித்தது. 1995-ல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு. இன்னொரு பக்கம், 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. தாய் ஆடுகள் மேய்ந்த ஒரு காட்டுச் செடியின் விஷம்தான் காரணம். அந்த விஷம் தடுப்பது இதே முள்ளெலி சமிக்ஞையை என்று 1990-களின் கடைசியில் புரிந்தது. குட்டியைக் கெடுத்த அதே தடுப்பால் கட்டியைக் கெடுக்கலாமே என்று யோசித்து, வேதியியல்காரர்கள் செய்த மாத்திரைகளில் ஒன்று விஸ்மோடெகிப். முற்றிய நிலை நோயாளிகளுக்காக 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு அனுமதித்தது.

அதே ஆண்டு ஜீன் டாங், எர்வின் எப்ஸ்டைன் குழுவினர், கார்லின் நோயாளிகள் 41 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. 26 பேருக்கு மருந்து, 15 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரைக்காரர்களுக்கு வெட்டியெடுக்கத்தக்க புதுக் கட்டிகள் ஆண்டுக்குச் சராசரியாக 29. மருந்து சாப்பிட்டவர்களுக்கு 2. சிலருக்கு இருந்த கட்டிகளும் மறைந்தே போயின. வித்தியாசம் இவ்வளவு பளிச்சென்று தெரிந்ததும், இனி யாருக்கும் வெறும் மாத்திரை கொடுப்பது நியாயமில்லை என்று கண்காணிப்புக் குழு பாதியிலேயே அதை நிறுத்தச் சொன்னது.

இந்த இடத்தில் சுபம் போட்டிருக்கலாம். ஆனால் மருந்து எடுத்த 26 பேரில் 14 பேர், பக்கவிளைவு தாங்கவில்லை என்று விட்டுவிட்டார்கள். ருசி போயிற்று, தசை பிடித்துக்கொண்டது, முடி கொட்டியது, எடை குறைந்தது. நாக்கின் சுவை மொட்டுகளும் முடியும் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள அதே முள்ளெலி சமிக்ஞைதான் வேண்டும். நோய்க்குப் பூட்டிய கதவு நாக்குக்கும் பூட்டிக்கொள்கிறது. மூன்று வருஷம் இடைவிடாமல் சாப்பிட முடிந்தவர்கள், 18 பேரில் 3 பேர். விட்டவர்களுக்குக் கட்டிகள் திரும்பி வந்தன.

இவர்கள் முட்டாள்களா? நன்றி கெட்டவர்களா?

ஆய்வேட்டில் இந்தப் பக்கவிளைவுகள் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளில்தான் இருந்தன. லேசு, மிதம். அட்டவணைப்படி அது சரிதான். அட்டவணை மூன்று வேளை சாப்பிடுவதில்லை. கோவிட் சமயத்தில் ரசம் வெந்நீரானது ஞாபகமிருக்கிறதா? பத்து நாளில் வாழ்க்கையே வெறுத்தது பலருக்கு. அதை வருஷக்கணக்கில் நீட்டிப் பாருங்கள். ஆய்வாளர் கட்டிகளை எண்ணுகிறார், அது அவர் வேலை. நோயாளி காலை காப்பியிலிருந்து எண்ணுகிறார். இரண்டு கணக்கும் சரியாகவே இருக்கலாம், விடைதான் ஒன்றாக இருக்காது.

கண்ணை அரித்துக்கொண்டு போகும் முற்றிய கட்டிக்காரரிடம் இதே மாத்திரையைக் கொடுங்கள். 'ருசியாவது ஒண்ணாவது, கொடுங்க சார்' என்பார். அவரும் சரி. 'லேசு' என்பது மருந்தின் குணமில்லை. யாருக்கு, எதற்குப் பதிலாக என்பதைப் பொறுத்தது.

ஒரு ஆட்சேபம் வரும். 'பரிசோதனைக்குச் சம்மதித்துவிட்டுப் பாதியில் விலகினால், நாளைய நோயாளிகளுக்குத் துரோகமில்லையா?' நாஜி டாக்டர்களின் வழக்குக்குப் பிறகு 1947-ல் வந்த நியூரம்பெர்க் விதிகளில் ஒன்பதாவது, பரிசோதனைக்கு உட்படுபவர் முடியாதென்று தோன்றும்போது வெளியேறலாம் என்கிறது. நாம் இதை ஏதோ கருணையாக நினைக்கிறோம். எனக்கென்னவோ அது அறிவியலுக்கும் லாபம் என்று படுகிறது. அந்த 14 பேர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் '29-க்கு 2' என்ற வெற்றி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அவர்கள் எழுந்து போனதும் ஆய்வின் விடைதான்.

வீணாகவும் போகவில்லை. 2017-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 229 பேருக்கு இதே மாத்திரையை விட்டுவிட்டுக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குப் பன்னிரண்டு வாரம் மருந்து, எட்டு வாரம் லீவு. கட்டிகள் சராசரியாக 62.7 சதவிகிதம் குறைந்தன. பக்கவிளைவுகள் ஒழிந்துவிடவில்லை. ஆனால் கட்டியோடு ஆளையும் சேர்த்து எண்ணும் கணக்கு ஆரம்பித்துவிட்டது.

சரி, முதல் கேள்விக்கு என் பதில்? போட்டுக்கொள்வேன் என்றுதான் நினைக்கிறேன். மாம்பழ சீசன் வரைக்கும். நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் காரணத்தைச் சொல்லிவிடுவேன், எழுதிக்கொள்ளட்டும்.