தள்ளுபடி யார் கணக்கில்?

ஆடி பிறந்துவிட்டால் சேலம், ஈரோடு ஜவுளிக்கடைகளில் நிற்க இடமிருக்காது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் துணி எடுக்கும் கூட்டம். அடுத்து பொங்கல். துணி எடுக்க வருபவர்கள் சாயம் போகுமா என்று கேட்கிறார்கள், சுருங்குமா என்று கேட்கிறார்கள், இன்னும் ஐம்பது ரூபாய் குறைக்க முடியாதா என்று கேட்கிறார்கள். இதை நெய்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்கும் கடமை வாங்குபவருக்கு உண்டா? கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுகிறதா? கடவுளுக்கும் மனசாட்சிக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று தன்னைக் கருதும் கிறிஸ்தவன் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

தட்டிக்கழிக்க ஒரு வசனம் கைவசம் இருக்கிறது என்பதுதான் சிக்கல். கொரிந்து நகரச் சந்தையில் விற்ற இறைச்சியில் ஒரு பகுதி சிலைகளுக்குப் படைக்கப்பட்டது. அதை வாங்கலாமா என்று அங்கிருந்த விசுவாசிகள் குழம்பினார்கள். கடையில் விற்பதைத் துருவி விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் என்று பவுல் அவர்களுக்கு எழுதினார். முதலாம் கொரிந்தியர் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் இது இருக்கிறது. தமிழ் மரபிலும் கறிக்கடையை வைத்தே இதற்கு ஒரு விடை உண்டு. அது எதிர்த்திசையில் போகிறது. தின்பதற்கென்று வாங்குபவர்கள் இல்லாவிட்டால் விலைக்கு விற்பவர்களும் இருக்கமாட்டார்கள் என்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் வாதிடுகிறார். ‘நான் கொல்லவில்லையே, காசு கொடுத்துத்தானே வாங்கினேன்’ என்ற சமாதானத்தை அவர் ஏற்பதில்லை. ஒருவர் விசாரிக்க வேண்டாம் என்கிறார், மற்றவர் விசாரிக்காமலே பொறுப்பைச் சுமத்துகிறார். துணிக்கடைக்கு இவற்றில் எது பொருந்தும்?

பவுல் சொன்ன காரணத்தையும் சேர்த்துப் படித்தால் பாதி விடை கிடைத்துவிடும். சிலை ஒன்றுமில்லை, பூமியும் அதிலுள்ளதும் ஆண்டவருடையவை, ஆகவே படையலால் கறிக்குத் தீட்டு வந்துவிடாது என்பது அவர் வாதம். அந்தக் கறியால் எவருக்கும் இழப்பில்லை. இது படைக்கப்பட்டது என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டால், அவருடைய மனசாட்சியின் பொருட்டு அதைச் சாப்பிட வேண்டாம் என்றும் அதே அதிகாரத்தில் அவர் சேர்த்திருக்கிறார். சடங்குத் தீட்டைப் பற்றிய சலுகையைக் கூலி பறிப்புக்கு நீட்டுவதற்கு அவர் எழுத்தில் இடமில்லை. கூலி விஷயத்தில் வேதாகமம் வேறு குரலில் பேசுகிறது. ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமத்தின் கட்டளை. பிறரிடம் கூலியில்லாமல் வேலை வாங்கி மாளிகை கட்டும் அரசனை எரேமியா சபிக்கிறார். மரக்காலைச் சிறிதாக்கி, தராசைக் கள்ளத்தராசாக்கி, பதரையும் விற்றுக் காசு பார்க்கும் வியாபாரிகளை ஆமோஸ் சாடுகிறார். பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். இவர்களில் எவரும் விசாரிக்காமல் இருப்பதை நற்குணமாகச் சொல்லவில்லை.

அப்படியானால் விசாரித்துப் பார்க்கலாம். பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு வட்டாரத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறைக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. ஒருவரே நான்கு, ஆறு, எட்டுத் தறிகளைக்கூடப் பார்த்துக்கொள்கிறார். பாவு அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், ஊடை தீர்ந்தால் நாடாவை மாற்ற வேண்டும். பஞ்சுத் தூசு தலையிலும் புருவத்திலும் படிந்திருக்கும். ஷிஃப்ட் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம். கூலி மீட்டர் கணக்கு, வாரக் கடைசியில் பட்டுவாடா. கரண்ட் போனாலும் நூல் வராவிட்டாலும் அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. வேலையில் சேரும்போதே குடும்பம் ஒரு தொகையை ‘அட்வான்ஸ்’ வாங்கியிருக்கும். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய அந்தப் பணம் ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தையும் தொடும். அதைத் தீர்க்காமல் பட்டறையை விட்டு நகர முடியாது. வேறு பட்டறைக்குப் போனால், புது முதலாளி கொடுக்கும் அட்வான்ஸில் பழைய அட்வான்ஸ் அடையும். ஆள் இடம் மாறினாலும் கடன் கூடவே போகும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. அட்வான்ஸ் என்ற பெயரில் அதன் நிழல் இன்னும் நீடிக்கிறது.

அந்தக் கடன் எதுவரை தள்ளும் என்பதை 2025 ஜூலையில் நாடே பார்த்தது. பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்கள் மூலம் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிவந்தது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. இரண்டு தனியார் மருத்துவமனைகளில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சைக்கான உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. தரகரும் மருத்துவமனையும் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான். உடலை விற்று அடைக்கும் அளவுக்குக் கடனை வளரவிட்ட கூலியும் அந்தக் குற்றப்பட்டியலில் இருக்க வேண்டும்.

பட்டறை முதலாளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, ஆனால் நியாயமில்லை. அவர்களில் பலர் ஜவுளி வியாபாரியிடம் பாவும் ஊடையும் வாங்கி, கூலிக்கு நெய்து கொடுக்கும் சிறு ஆட்கள். மீட்டருக்கு இவ்வளவு என்று மேலே முடிவான பிறகு அவர் கையில் மிஞ்சுவது கொஞ்சம். நூற்பாலைகளிலும் இதே ஏணிதான், உயரம் மட்டும் அதிகம். தமிழகத்தின் மேற்கு, தென் மாவட்ட ஆலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பதின்பருவப் பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லி, கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்டது. நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு நிறுவனம் ‘நெதர்லாந்து இந்தியக் குழு’ என்ற அமைப்புடன் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்த உழைப்பு ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகளின் ஆடைகளில் போய்ச் சேர்வதை விவரித்தது. பிராண்ட் எந்தப் பெண்ணையும் விடுதியில் பூட்டவில்லை. ஆர்டரின் விலையையும் கெடுவையும் முடிவு செய்தது, அவ்வளவுதான். அதிகாரத்தின் வசதியே இதுதான்: விலையைச் சொல்லும் கை ஒன்று, அந்த விலைக்காகப் பூட்டுப் போடும் கை இன்னொன்று.

“பிடிக்காவிட்டால் போகலாமே, அவர்களே ஒத்துக்கொண்டு வந்தவர்கள்தானே?” என்ற வாதம் இங்கே எழும். கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. வேறு வழியில்லாமலோ இன்னும் மோசமான நிலைக்குப் பயந்தோ கடுமையான நிபந்தனையை ஏற்கும் தொழிலாளி வன்முறைக்கும் அநீதிக்கும் பலியானவர் என்பது அதன் நிலைப்பாடு. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இங்கேதான் வந்து சேர்ந்தது. பசியின் நெருக்கடியால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்வது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது. மறைநூல் மரபிலிருந்து கிளம்பியவரும் சட்டநூலிலிருந்து கிளம்பியவர்களும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். சம்மதம் இருந்தது என்பதாலேயே விலை நியாயமாகிவிடாது.

வாங்குபவர் எல்லாருக்கும் இதில் ஒரே அளவு பொறுப்பா? அப்படிச் சொன்னால் அது கொடுமை. தறி ஓட்டும் பெண் தன் பிள்ளைக்குச் சந்தையில் மலிவுச் சட்டை எடுக்கிறார். எந்த ஆலை, என்ன கூலி என்று அவரை விசாரிக்கச் சொல்வது, சுரண்டப்பட்டவர் தலையிலேயே பாவத்தையும் சுமத்துவதாகும். சேலம், நாமக்கல் சமவெளியின் கிறிஸ்தவர்களில் பலர் கூலிவேலை செய்பவர்கள். அவர்களுக்கு ‘அறம் சார்ந்த ஷாப்பிங்’ என்பது பணம் உள்ளவர்களின் பொழுதுபோக்காகத்தான் தெரியும். பொறுப்பை மூன்று கேள்விகளால் அளக்கலாம். எவ்வளவு தெரியும்? வேறு வழிக்கு எவ்வளவு வசதி இருக்கிறது? ஒரு வார்த்தை சொன்னால் விற்பவர் எவ்வளவு தூரம் கேட்பார்? இந்த மூன்றும் கூடக் கூடக் கடமையும் கூடும்.

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தனி ஆள் ஒரு கடையைப் புறக்கணிப்பதால் ஒன்றும் மாறாது என்பது ஓரளவு உண்மை. பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஜான் வுல்மன் என்ற குவேக்கர் சபைக்காரர், அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தவிர்த்தார். 1791இல் அடிமை வாணிபத்துக்கு எதிரான மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றபோது, அங்கே ஏராளமான குடும்பங்கள் சர்க்கரையை நிறுத்தின. வாணிபம் அதனால் நிற்கவில்லை. 1807இல் சட்டம்தான் அதைத் தடை செய்தது. ஆனாலும் தேநீர்க் கோப்பை வரை வந்துவிட்ட அந்தக் கேள்வி, சட்டம் வரும்வரை விவகாரம் மறக்கப்படாமல் காத்தது. புறக்கணிப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆர்டர் நின்றால் முதலில் வேலை போவது தறிக்காரருக்குத்தான். தன் கை சுத்தமாக இருந்தால் போதும் என்று ஒதுங்கிக்கொள்ளும் வாங்குபவர் தன் மனசாட்சிக்குத்தான் உதவுகிறார். தொழிலாளிக்கு அதனால் எதுவும் கிடைப்பதில்லை.

நிபந்தனையோடு தொடர்ந்து வாங்குவது இதைவிடப் பயன் தரும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆயத்த ஆடை ஆலையின் இளம் தொழிலாளி ஒருவர் கொலையுண்டார். அதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளித் தொழிலாளர் சங்கமான டிடிசியு போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் ஆலை நிறுவனமும் எச் அண்ட் எம் என்ற சுவீடன் பிராண்டும் கையெழுத்திட்ட ‘திண்டுக்கல் உடன்பாடு’ உருவானது. பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க ஆலை தவறினால் அதன் வணிகத்தில் பாதிப்பு வரும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே நல்லெண்ணத்தை நம்பி எதுவும் விடப்படவில்லை. தொழிலாளி கேட்டதை வாங்குபவர் ஒப்பந்தமாக ஏற்றார்.

வாங்குபவரின் விருப்பம் ஆலைக்குள் போய்ச் சேராது என்பவர்கள் இதே சமவெளியின் ஜவ்வரிசியைப் பார்க்கலாம். மரவள்ளிக்கிழங்கு மாவுக்குத் தும்பைப்பூ வெண்மை இயல்பிலேயே கிடையாது. பளிச்சென்று வெள்ளையாக இருந்தால்தான் சந்தையில் போகும் என்றானதும், சேலம் மாவட்டச் சேகோ ஆலைகள் சிலவற்றில் வெளுக்கும் ரசாயனம் புகுந்தது. உணவுப் பாதுகாப்புத் துறை பலமுறை சோதனை நடத்திப் பறிமுதல் செய்ய வேண்டியிருந்தது. வாங்குபவரின் கண் விரும்பிய நிறம் ஆலைத் தொட்டிவரை போயிருக்கிறது. அவர் வாய் கேட்கும் கேள்வி மட்டும் போகாது என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கேள்வியைக் கேட்கும் வலிமை திருச்சபைக்கு உண்டு. 1930இல் உருவான சேலம் மறைமாவட்டமும், தென்னிந்தியத் திருச்சபையின் கோவைத் திருமண்டலமும் பள்ளிகளையும் விடுதிகளையும் நடத்துகின்றன. சீருடைத் துணி, விடுதிப் போர்வை, மருத்துவமனை விரிப்பு, பாடகர் குழுவின் அங்கி, கிறிஸ்துமஸில் ஏழைகளுக்குக் கொடுக்கும் சேலை என்று தேவைகள் நீளும். ஒரு குடும்பம் எடுக்கும் இரண்டு சட்டைக்காக எந்த வியாபாரியும் கூலிக் கணக்கைக் காட்டமாட்டார். ஆயிரம் மீட்டர் ஆர்டர் கொடுப்பவர் கேட்டால் காட்டுவார். எந்தப் பட்டறையில் நெய்தது, குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா, அட்வான்ஸ் பிடித்தம் எப்படி என்ற மூன்று வரிகளைக் கொள்முதல் கடிதத்தில் சேர்ப்பதற்குச் சினாடு என்ற திருச்சபைப் பேரவை கூட வேண்டியதில்லை. இதனால் விலை ஏறும். ஏறும் பணத்தை ஏழைப் பெற்றோரின் சீருடைக் கட்டணத்தில் ஏற்றிவிட்டால் ஓர் ஏழையின் கூலியை இன்னோர் ஏழையிடம் வசூலித்ததாகிவிடும். நிறுவனம்தான் அதைச் சுமக்க வேண்டும். இந்த அறத்தின் செலவு அங்கேதான் தெரியும்.

தர்மம் செய்கிறோமே, அது போதாதா என்ற கடைசிச் சமாதானத்துக்கு லூக்காவின் 19ஆம் அதிகாரத்தில் விடை இருக்கிறது. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு இயேசுவின் முன் நின்றபோது இரண்டு வாக்குகளைக் கொடுத்தான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்பது ஒன்று. எவரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்பது இன்னொன்று. பாதிச் சொத்தைக் கொடுத்ததாலேயே பறித்தது நேராகிவிட்டதாக அவன் நினைக்கவில்லை. தர்மத்தைத் தனியாகவும் பாக்கியைத் தனியாகவும் எழுதினான். நம் சபைகள் தர்மக் கணக்கை நன்றாகவே எழுதுகின்றன. பாக்கிக் கணக்குக்கு இன்னும் நோட்டு போடவில்லை. தறிக்காரருக்குக் கிறிஸ்துமஸ் சேலை கொடுப்பதற்கு முன், அந்தச் சேலை என்ன விலைக்கு வந்தது, அந்த விலையில் அவர் கூலி எவ்வளவு என்று கேட்டாக வேண்டும். கூலி குறைந்திருந்தால் அந்தச் சேலை தர்மமே இல்லை. அவருடைய பணத்தில் ஒரு பகுதி, பாதிரியார் கையால் அவருக்கே திரும்பி வந்திருக்கிறது.