கழுவிய நீர் எங்கே போகிறது?

தொழுகைக்கு முன் உளூச் செய்கிறோம். உறுப்புகள் தூய்மையாயின என்று மனநிறைவு கொள்கிறோம். ஆனால் கழுவிய நீர் எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

முப்பது ஆண்டுகளாக நாம் பிள்ளைகளுக்குத் தூய்மையின் பாடத்தை ஓதிக்கொடுத்து வருகிறோம். கடலுக்கு வெகு தொலைவிலுள்ள நமது சிற்றூரில், ஒரு மாலை, பாடம் முடிந்ததும் மாணவன் ஒருவன் கேட்டான்: “ஹஜ்ரத், நம் தெருச் சாக்கடை கீழத்தெருக் கிணற்றோரம் போய்த் தேங்குகிறதே, அங்குள்ளவர்கள் தூய்மைக்கு என்ன செய்வார்கள்?”

விடை கூற இயலவில்லை. அவனுடன் நடந்து போய்ப் பார்த்தோம். நம் வீட்டுக் குளியல் நீரும், கழிவறைத் தொட்டியிலிருந்து வழிந்த நீரும் அங்கே கறுத்துக் கிடந்தன. தொட்டியில் விழுந்ததெல்லாம் தூய்மையாகிவிடும் என்றே அதுவரை எண்ணியிருந்தோம்.

தொட்டி செய்வது பாதி வேலைதான். கசடு அடியில் படிந்து ஓரளவு மக்குகிறது. வெளியேறும் நீரிலோ நோய்க்கிருமிகள் உயிரோடு இருக்கின்றன. மீதி வேலைக்குச் சிற்றூரில் பெரிய எந்திரங்கள் தேவையில்லை. தொட்டியை அடுத்துச் சரளைக்கல் நிரப்பிய பாத்தி அமைத்து, நாணலோ கல்வாழையோ நட்டால், கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று சிதைக்கின்றன. அந்நீரை மரங்களுக்குப் பாய்ச்சலாம். தனி வீடாயின் இரட்டைக் குழிக் கழிவறை போதும். ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாண்டளவில் மூடிய குழியில் உள்ளது மண்போல் ஆகிவிடும். குழி மட்டும் கிணற்றுக்கு அருகில் இருத்தலாகாது.

நம் சட்ட நூலார் இதனை வேறொரு வழியில் ஆராய்ந்துள்ளனர். ஷாஃபியீ மத்ஹபில், ஏறத்தாழ 200 லிட்டராகிய இரண்டு குல்லத் அளவை எட்டிய நீர், நஜீஸ் கலந்து நிறமோ சுவையோ வாடையோ மாறினால் அசுத்தமாகும். அம்மாற்றம் தானாகவோ, வேறு நீர் சேர்ந்தோ நீங்கினால் மீண்டும் தூய்மையாகும். கஸ்தூரியிட்டு வாடையை அடக்கினால் தூய்மையாகாது. ஏனெனில் அங்கே அழுக்கு நீங்கவில்லை, மறைந்திருக்கிறது. 1978ஆம் ஆண்டு சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் அவையும், நவீன முறைகளால் அழுக்கின் அடையாளம் மூன்றும் முற்றிலும் நீங்கிய கழிவுநீர் தூய்மையானதே என்று முடிவு செய்தது.

நீங்குதல் வேறு, மறைதல் வேறு. சாக்கடைமேல் பினாயில் தெளிப்பதும், கல் பாவி மூடுவதும், அடுத்த தெருவுக்குத் திருப்பிவிடுவதும் கஸ்தூரியிடுவது போன்றவையே. நம் கண்ணுக்கு மறைந்தது அயலார் கண்முன் நிற்கிறது. தொட்டி நிறைந்தால் அதனுள் இறங்கச் சில ரூபாய்க்கு ஒரு மனிதரைத் தேடுகிறோம். பாதுகாப்பின்றி அவ்வாறு இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. சட்டம் இல்லாவிடினும், நமது தூய்மைக்காகப் பிறர் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை ஏது?

“வரி கட்டுகிறோம், ஊராட்சி பார்த்துக்கொள்ளட்டும்” என்பர் சிலர். ஊராட்சிக்குக் கடமை உண்டு, மறுக்கவில்லை. எனினும் அழுக்கு புறப்பட்ட இடம் நமது வீடு. ஒரு தீங்கை அதுபோன்ற மற்றொரு தீங்கால் நீக்கலாகாது என்பது நம் சட்ட அறிஞர்கள் வகுத்த விதி. நம் முற்றத்து அழுக்கை அண்டை வீட்டாரின் கிணற்றோரம் சேர்த்துவிட்டு, நாம் தூய்மையானோம் என்று எவ்வாறு கூறுவது?

அந்த மாதமே நம் வீட்டுப் பின்புறம் பாத்தி வெட்டினோம். கல்வாழை இப்போது பூத்திருக்கிறது. கீழத்தெருவில் தேக்கம் இன்னும் வற்றவில்லை. அதில் நம் வீட்டு நீர் மட்டும் சேர்வதில்லை. மற்ற வீட்டாரிடம் பேசி வருகிறோம். கேள்வி கேட்ட மாணவனுக்கு நாம் தந்த விடை இன்றளவும் இவ்வளவே.