இலைத்துருவும் ஆணவமலமும்

காப்பி மரத்தின் இலையைப் பற்றும் துருநோயை எடுத்துக்காட்டி, "ஆன்மாவைப் பற்றிய ஆணவமும் இத்தகையதே" என அன்பர் சிலர் கூறக் கேட்டுள்ளோம். இவ்வுவமை பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மரம் வேரால் நீரையும் இலையால் ஞாயிற்றொளியையும் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்வது. துருவோ பூஞ்சை இனத்தது. உயிருள்ள இலையிலன்றிப் பிறிதோரிடத்து வளரமாட்டாதது. அதன் நுண்டூள் காற்றானும் மழையானும் பரந்து, இலையின் அடிப்புறத்து நுண்டுளை வழியே உட்புகுந்து, பின் மஞ்சட்செந்நிறப் பொடியாய் வெளிப்படும். இலைகள் உதிர, மரம் மெலியும்.

நம் ஆசிரியர் ஆணவத்துக்குக் கூறிய உவமை செம்பிற் களிம்பு. களிம்பு செம்பின் உடனாயுள்ளது, சடமுமாம். இலைத்துருவோ புறத்திருந்து இடையில் வந்தது, அன்றியும் உயிருடையது. ஆகவே அது மலத்துக்கு உவமையாதல் செல்லாது. தானும் மலத்தாற் கட்டுண்டு, வினைக்கேற்ற உடலெடுத்து, பிறிதோருயிரைச் சார்ந்து நிற்கும் ஓர் உயிரே அது. மரத்தை உயிரென்றும் துருவை அழுக்கென்றும் பிரித்தல் நம் பயன் நோக்கிய கூற்றேயன்றி உண்மை நோக்கியதன்று.

அற்றேல், இலங்கையில் நேர்ந்த அழிவுக்குக் காரணம் யாது? அங்கு இந்நோய் 1869-ஆம் ஆண்டிற் காணப்பட்டது. இருபதாண்டுக்குள் காப்பித் தோட்டங்கள் பாழாயின. அவற்றை நம்பிக் கடல் கடந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் அல்லலுற்றனர். தேயிலை அவ்விடத்தைக் கொண்டது. 1880-இல் ஆராயச் சென்ற மார்ஷல் வார்டு என்பார், மலைச்சாரல் முழுவதும் இடையீடின்றி ஒரே பயிரை வைத்தமை நோய் பரவுதற்குத் துணையாயிற்று எனக் கண்டார். அங்ஙனம் வைக்கத் தூண்டியது பொருளவா. அவாவுக்கு வேர் ஆணவம். எனவே மலம் இலையில் இருந்ததன்று, நட்டாருள்ளத்தில் இருந்தது. துரு, தனக்கு விரித்த இலையில் உண்டது, அவ்வளவே.

"துருவும் உயிராயின், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீரைத் தெளித்து அதனை அழித்தல் கொலையன்றோ?" எனின், கொலையே என்க. பிழைப்புக்கு வேறு வழியில்லாத உழவன் அதனைச் செய்தல் தவிர்க்கலாகாததாயினும், குற்றமன்றெனக் கொள்ளற்க. நோய் தாங்கும் வகைகளைத் தேர்ந்தும், பிற மரங்களை இடையிட்டும் பயிர்செய்து அக்கொலையைக் குறைத்தலே அறம். பிறிதோருயிரை மலமென்று கூறிக் கொல்வதினும், கொல்கின்றோமென்று அறிந்து வருந்தி அதனைக் குறைத்தல், தன் மலத்தை உணர்ந்தார் செயலாம் என்பதே எமது துணிபு.