இரண்டு பேருக்கு இரண்டு பதில்

பித்தப்பைக் கல்லுக்காகக் கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையில் நான்கு நாட்கள் படுத்திருந்தேன். மாத்தளை அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகவே சத்திரசிகிச்சை செய்திருக்கலாம். முறை வரும்வரை வலி பொறுக்கவில்லை. காப்புறுதி இருக்கிறதே என்ற தைரியம் வேறு. மூன்றாம் வாரம் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது: முன்பிருந்த உயர் இரத்த அழுத்தத்தை மறைத்துவிட்டீர்கள், பணம் தர இயலாது.

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? நான் சொன்னதுதான். முந்திய இரவு டொக்டர் கேட்டார். எப்போதோ இரண்டு மாதம் பிரஷர் குளிசை எடுத்ததைச் சொன்னேன். அது ஏட்டில் ஏறியது. இதே கேள்வியை மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு விறாந்தையில் முகவரும் கேட்டிருந்தார். "கொஞ்சம் இருந்தது" என்றேன். "அதை எழுதினா கட்டுப்பணம் கூடும் சேர்" என்று 'இல்லை' என்பதில் அடையாளமிட்டார். பார்த்துக்கொண்டே கையொப்பமிட்டேன். டொக்டரிடம் உயிர் இருந்தது. முகவரிடம் சில நூறு ரூபாய்தான் இருந்தது.

"முகவர் கேட்கவே இல்லையெண்டு மேன்முறையீட்டில எழுதுங்க" என்றார் சக ஆசிரியர் ஒருவர்.

1766இல் லண்டனில் மான்ஸ்பீல்ட் பிரபு ஒரு வழக்கைத் தீர்த்தார். சுமாத்திராவின் மார்ல்பரோ கோட்டைக்கு அதன் ஆளுநர் கார்ட்டர் காப்புறுதி எடுத்திருந்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்தனர். கோட்டையின் பலவீனத்தைச் சொல்லவில்லையென்று காப்புறுதி கொடுத்தவர் மறுத்தார். மறைப்பது இரு தரப்புக்குமே ஆகாது என்ற நீதியரசர், ஆளுநருக்கே தீர்ப்பளித்தார். விசாரிக்காமல் பணத்தை வாங்கிவிட்டு இழப்பு வந்தபின் குறைசொல்ல முடியாதென்று. வாசிக்கும்போது எனக்கு இனித்தது, கொஞ்ச நேரம். என்னிடம் கேட்டார்களே!

(வணிகக் காப்புறுதி கூடாதென்றும் கூட்டுறவுக் காப்புறுதி கூடுமென்றும் 1985இல் ஜித்தாவில் பிக்ஹ் அகடமி சொன்னதை இங்கே இழுக்கவில்லை. கையொப்பமிடும்போது அது எனக்கு ஞாபகம் வரவில்லை.)

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபியவர்கள் (ஸல்), நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். அந்த வியாபாரி பொய் ஒன்றும் சொல்லவில்லை. மழையில் நனைந்தது என்றான், அதுவும் உண்மைதான். என் படிவத்திலும் ஈரம் அடியில்தான் இருந்தது. ஆனால் முகவரின் காது கம்பனியின் காதில்லையா? பிரஷரால் கல் உண்டாகவில்லையே! அந்தப் பணமும் கம்பனியின் பணம் மட்டுமல்ல, என்னைப் போல் கட்டிவரும் எத்தனையோ பேருடையது.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். நோய்க்கும் பிரஷருக்கும் தொடர்பில்லையென்ற டொக்டரின் கடிதத்தை இணைத்தேன். உண்மையை எழுதியிருந்தால் கூடியிருக்கும் கட்டுப்பணத்தைக் கழித்து மிகுதியைத் தாருங்கள் என்று கேட்டேன். மறுத்தால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் இதே கடிதம்தான் போகும்.

மனைவி வாசித்துவிட்டு, "இப்படி எழுதினா தருவாங்களா?" என்றாள். அவளுடைய வளையல் அடகுக் கடையில் இருக்கிறது. பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.