அறிந்து கொள்வது தவக்குலுக்கு மாறானதா?

உடம்பில் நோவு எதுவும் இல்லாதபோதே நோயின் அடையாளத்தைத் தேடிப் பார்ப்பது, வல்ல இறைவன் மீது வைக்க வேண்டிய நம்பிக்கைக்குக் குறைவு என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. எழுதப்பட்டது வந்தே தீரும். நாளைய நோயை இன்றே தேடி மனதைக் கெடுத்துக் கொள்வானேன் என்று அவர்கள் கேட்கிறார்கள். இக்கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. மெய்யான ஈமானோடு கேட்கப்படும் கேள்வி இது.

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்றொரு சிறு நாடு. மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நிலக்கடலைதான் அவர்களுக்குப் பயிரும் வாணிபமும். ஈரப்பதத்தில் சேமித்த கடலையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகிறது. இதோடு ஹெபடைடிஸ்-பி என்ற கிருமி சிறு வயதிலேயே பலருடைய ஈரலில் குடியேறிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்கு வழி திறந்துவிடுகிறது. அந்நாட்டு ஆண்களுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய் இதுவே. உழைத்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய வயதில் இது தாக்குகிறது. வயிறு வீங்கி வலி கண்ட பிறகு மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இந்நஞ்சு ஈரலின் உயிரணுக்களில் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகாதபடி காவல் காக்கும் பி-53 என்ற மரபணுவில், 249ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறிவிடுகிறது. சீனாவின் சிடோங் பகுதியிலும் தென்னாப்பிரிக்கப் பகுதிகளிலும் நோயாளிகளின் கட்டிகளில் இம்மாற்றம் இருந்ததை 1991இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பிறகு காம்பியாவில், கட்டியை அறுத்துப் பார்க்காமலேயே, இரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளில் இதே அடையாளத்தைக் கண்டார்கள். சிடோங்கில் சிலருடைய இரத்தத்தில் நோய் வெளிப்படுவதற்கு முன்பே இது தென்பட்டது. ஆயினும் நோயாளிகள் அனைவரிடமும் இது இருப்பதில்லை. நோயற்ற சிலரிடமும் காணப்பட்டிருக்கிறது. ஆகவே இல்லையென்றால் அச்சமில்லை என்றோ, இருந்தால் முடிந்தது என்றோ இதை வைத்துச் சொல்ல முடியாது.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு, வழியில் அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதைக் கேட்டுத் திரும்பிய வரலாறு நாம் அறிந்ததே. விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று ஹழ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். பசுமையான சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கே மேயவிட்டாலும் அதுவும் அவன் விதிப்படியே என்றும் விளக்கினார்கள். கேட்டவரும் சாமானியர் அல்லர். சுவனத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். அதனால்தான் அக்கேள்வியை ஏளனம் செய்ய நாம் துணிவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உமர் (ரலி) அவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வழி இருந்தது. வழியில்லாதவனிடம் போய், உன் ஈரலில் அடையாளம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது என்ன நன்மை? அறுவை மருத்துவத்துக்கு வசதியில்லாத கிராமத்து மனிதருக்கு அச்செய்தி மருந்தாகாது; அவருடைய மீதி நாட்களின் நிம்மதியைத்தான் பறிக்கும். எனவே பரிசோதிப்பவர் முதலில் தம்மையே கேட்டுக் கொள்ள வேண்டியது, இவருக்கு அடுத்து நம்மால் என்ன செய்ய முடியும் என்பதே. வழி இருக்குமிடத்திலோ நம் தீர்ப்பு வேறு. ஷாங்காய் நகரில் ஹெபடைடிஸ்-பி தொடர்புடைய சுமார் 18,800 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தச் சோதனையும் ஸ்கேனும் செய்தார்கள். அப்பிரிவில் ஈரல் புற்றுநோயால் இறந்தோர் 37 சதவீதம் குறைவு என்று 2004இல் வெளியானது. இத்தகைய வாய்ப்பு எட்டும் தூரத்தில் இருக்க, தவக்குல் என்று சொல்லி ஒதுங்குவது ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுப் பொறுப்பைச் சாட்டுவதாகும்.

உண்மையில் நம் வீடுகளில் சோதனைக்குத் தடையாக நிற்பது தவக்குல் அல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது. ஈரல் கெட்டது என்று ஊருக்குத் தெரிந்தால், மறைவில் குடித்திருப்பான் என்று பேசுவார்களே என்ற அச்சமே அது! ஐவேளைத் தொழுகையாளி ஒருவரைப் பற்றி இப்படி முணுமுணுப்பது எவ்வளவு பெரிய பாவம். இக்கிருமி பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்தோ, குழந்தைப் பருவத்திலோ தொற்றுவது. பிறர் பயன்படுத்திய சவரக் கத்தியாலும், சுத்தம் செய்யாத ஊசியாலும், கத்னாவுக்குரிய கருவியாலும் வரலாம். ஒரே ஸஹனில் அமர்ந்து உண்பதால் வராது. முஸாபஹா செய்வதால் வராது.

இன்னொரு அச்சம் பெண்ணைப் பெற்றவர்களுடையது. மரபணு என்ற சொல்லைக் கேட்டதும், இது வம்சத்தில் ஓடும் குறை, சம்பந்தம் தட்டிப் போய்விடும் என்று கலங்குகிறார்கள். நாம் சொன்ன இம்மாற்றம் வாப்பாவிடமிருந்து மகளுக்கு இறங்குவதல்ல. அவருடைய ஈரலின் உயிரணுக்களில், அவர் வாழ்நாளில் உண்டானது; அவரோடு முடிவது. தொற்றுவது கிருமி மட்டுமே. அதனால்தான் கிருமி இருப்பதை மனைவி மக்களிடம் மறைக்கக் கூடாது என்கிறோம். ஊராரிடம் சொல்ல வேண்டியதில்லை. அது அவருடைய அமானிதம். மனைவிக்குச் சொல்லாமல் விட்டாலோ, அவரும் பிள்ளைகளும் சோதித்து ஊசி போட்டுக் கொள்ளும் வாய்ப்பை இழக்கிறார்கள்.

காம்பியாவில் 1986இல் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியைப் போடத் தொடங்கி, 1990க்குள் நாடு முழுவதற்கும் கொண்டு சென்றார்கள். இன்று பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழந்தையின் வலக்காதில் பாங்கு சொல்லும் அதே நாளில் அந்த ஊசியையும் கேட்டுப் பெறலாம். தாய்க்குக் கிருமி உண்டா என்பதைக் கர்ப்ப காலத்திலேயே பார்த்து வைத்திருந்தால், மருத்துவரும் அதற்குத் தக்கபடி ஆயத்தமாக இருப்பார்.