நாயோடு ஒரு பாதை

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி கடலோரமாக இருக்கிறது. ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல். அங்கே போய் உட்கார்ந்தால் எனக்குப் பட்டினத்தாரைவிட, அவருடைய சீடர் பத்திரகிரியார் வளர்த்த நாயின் நினைப்புதான் முதலில் வரும்.

அரசைத் துறந்து வந்தவர் பத்திரகிரியார். திருவிடைமருதூரில் பிச்சை எடுத்துக் குருவுக்குக் கொடுத்து, மிச்சத்தில் தானும் உண்டு, தன்னை ஒட்டிக்கொண்ட ஒரு நாய்க்கும் போட்டு வந்தார். ஒருநாள் குரு அவரைச் சம்சாரி என்று சொல்லிவிட்டார். கையில் ஓடு, காலடியில் நாய், குடும்பம்தானே? பத்திரகிரியார் ஓட்டைத் தூக்கி எறிந்தார். அது நாயின் மேல் விழுந்து, ஓடு உடைந்தது, நாய் செத்தது. கதை அந்த நாய்க்கு மறுபிறவியும் முக்தியும் தந்து சமாதானம் சொல்கிறது. எனக்குச் சமாதானம் ஆகவில்லை. கூடவே வந்ததைத் தவிர அது செய்த பிழை என்ன?

*

மணி காசிமேட்டில் வலைக்குவியல்களுக்கு நடுவே பிறந்த நாட்டு நாய். அவனோடு வெளியூர் போகலாம் என்று விடுதிகளுக்குப் போன் செய்தால், முதல் கேள்வியே “என்ன ஜாதி சார்?” என்றுதான் வருகிறது. பொமரேனியன் என்றால் சரி. லாப்ரடார் என்றால் ஓனரைக் கேட்டுச் சொல்வார்கள். நாட்டு நாய் என்றதும் குரல் மாறிவிடும். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் லைன் கட்டாகிவிடும். கடைசியில் இடம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவர்கள். அவர்கள் கேட்பது வேறு: “ராத்திரிக்கு என்ன சாப்பிடும்?”

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் எங்கள் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் போனது. இன்றைக்கும் நாய் நம்மோடு ரயிலில் வர வேண்டுமென்றால் முதல் வகுப்பில் ஒரு கூபேயோ கேபினோ முழுதாக நமக்கே ஒதுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டு. அந்த இருட்டில் அவனைத் தனியாக ஏற்ற எனக்கு மனம் வராது. அதனால் கார்.

*

ஏலகிரி. அடிவாரத்து ஊருக்கும் பொன்னேரி என்றுதான் பெயர், மீஞ்சூரைத் தாண்டி இருக்கும் நம் பொன்னேரி போலவே. அங்கிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள்.

வாந்தி வரும் முன் நாய் சொல்லிவிடும். உதட்டை நக்கும், காரணமில்லாமல் கொட்டாவி விடும், கடைவாயில் எச்சில் நூலாக இறங்கும். அப்போதே வண்டியை ஓரம் கட்ட வேண்டும். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட்டால் பாதிக் கஷ்டம் தீரும். மணியை இறக்கித் தண்ணீர் காட்டி நிற்கும்போது பலகையில் பாரியின் பெயர் இருந்தது. முல்லைக்குத் தேர் கொடுத்தவர் பாரி, மயிலுக்குப் போர்வை கொடுத்தவர் பேகன். கேட்கத் தெரியாத உயிருக்குக் கொடுத்ததற்காகத்தான் இன்றுவரை அவர்களை நினைக்கிறோம்.

மலையில் அன்றிரவு மணி தூங்கவில்லை. லாரி ஹாரனிலும் துறைமுகத்துச் சத்தத்திலும் அசையாமல் தூங்குகிறவன். இங்கே ஓர் இலை விழுந்தாலும் காது திரும்பியது. நானும் அவனோடு விழித்திருந்தேன். அவன் கேட்டதில் பாதிகூட எனக்குக் கேட்டிருக்காது.

*

பாலை பார்க்க ராஜஸ்தான்தான் போக வேண்டும் என்பதில்லை. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு போதும். இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த மணல், காற்று குவித்த மேடுகள், நடுநடுவே பனை. அங்கே விடியலில்தான் நாயோடு நடக்கலாம். புறங்கையை மணலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாறு நொடி நம்மால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்கிற வசதி அதற்கு இல்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும்.

*

துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் டிரெய்லர்களின் அடியில் துணித்தொட்டில் கட்டித் தூங்குகிற டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே நிழலில் ஒரு நாய் படுத்திருக்கும். டிரைவர் எந்த ஊரோ, நாய் இந்தத் தெரு. பார்சலைப் பிரித்ததும் முதல் பிடி அதற்கு விழும். எந்த ஜாதி என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

*

பாரதத்தில் மகாபிரஸ்தானத்தை அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். பாண்டவர் ஐவர், திரௌபதி, ஏழாவதாக ஒரு நாய். இமயத்தைக் கடக்கிறார்கள், அதற்கப்பால் மணற்கடல், அதற்கும் அப்பால் மேரு. வழியில் ஒவ்வொருவராக விழுகிறார்கள். தர்மரும் நாயும் மட்டும் மிச்சம். தேரோடு வந்த இந்திரன், நாய் வைத்திருப்பவர்களுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை, அதை விட்டுவிட்டு ஏறு என்கிறான். நம்பி வந்ததைக் கைவிட்டு வரமாட்டேன் என்று தர்மர் நின்றுவிடுகிறார்.

அந்த நாய் தர்மதேவதை என்பது அதற்குப் பிறகுதான் தெரிகிறது. அதைப் பெரிதாகச் சொல்லிக் கதையை முடிப்பது வழக்கம். எனக்கு அதற்கு முந்தைய நொடிதான் முக்கியம். தேர் காத்திருக்கிறது, தம்பிகளும் மனைவியும் போய்விட்டார்கள், பக்கத்தில் நிற்பது யாரென்று அவருக்குத் தெரியாது. வெறும் நாய் என்று எண்ணித்தான் அவர் சொர்க்கத்தை மறுத்தார்.